கைப்பிடிகளுக்குப் பின்னால்: ஒரு மில்வாக்கி பேஸ்மென்ட்

முன்வாசல் வேண்டாம், அது ராத்திரி வரப்போகும் விருந்தாளிகளுக்கு. நாம் கராஜ் ஓரமாகச் சுற்றிப்போய்ப் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்குவோம். படிகள் செங்குத்து, தலைக்கு மேலே வெந்நீர்ப் பைப் ஓடுகிறது, கொஞ்சம் குனிந்து வாருங்கள். கடைசிப் படியில் ஈரத்துண்டு கிடக்கும். அதை மிதிக்காமல் தாண்டுங்கள், அடியில் ஸ்பேனர் இருக்கிறது. அவ்வளவுதான், வந்துவிட்டோம்! இங்கே உள்ளே விடுவார்களா என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா?

ஊர் மில்வாக்கி, அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலம். ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், பிளாட்ஸ், மில்லர் என்று பெரிய பெரிய பியர் ஆலைகளைக் கட்டி எழுப்பிய ஜெர்மானியர் ஊர். ஷ்லிட்ஸ் இங்கே 1981-ல் ஆலையை மூடியது, பாப்ஸ்ட் 1996-ல். ஆலைகள் போனாலும் பழக்கம் போகவில்லை. இந்த ஊரில் வீட்டுக்குக் கீழே ஒரு பார் வைத்திருப்பது பெரிய பணக்காரத்தனம் கிடையாது. துணி துவைக்கும் மெஷின் ஒரு பக்கம், கிறிஸ்துமஸ் மரப் பெட்டி ஒரு பக்கம், நடுவில் பார்.

என்னைக் கூட்டிவந்தவர் இங்கேயே வேலை பார்க்கும் ஒரு மதுரைத் தம்பி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். அவரும் மனைவியும் பல வருடமாக வீட்டிலேயே பியர் வடிக்கிறார்கள். சட்டப்படிதான். ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்துப் போட்ட சட்டம் அடுத்த வருடம் பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, மத்திய அரசின் கணக்கில், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர், வரியில்லாமல் வடித்துக்கொள்ளலாம். விற்கத்தான் கூடாது. கொடுத்துக் குடிக்க வைக்கலாம். அப்படிக் கொடுக்கிற சந்தோஷத்துக்காகத்தான் இத்தனை பாடு!

"அண்ணே, தரையில உக்காராதீங்க, கழுவுற நாள் இது" என்கிறார் தம்பி. ஆமாம், நாம் வந்திருப்பது குழாய் கழுவும் நாளில். இதைவிட நல்ல நாள் வாய்க்காது. மற்ற நாளில் வந்தால் நான்கு பளபள கைப்பிடிகளைப் பார்த்துவிட்டு, கிளாஸை நீட்டிவிட்டுப் போயிருப்போம்.

சுவரோரம் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு டீப் ஃப்ரீசர். மேல்மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அடி உயரத்துக்கு மரச்சட்டம் அடித்திருக்கிறார்கள். குழாய்கள் அந்த மரத்தில் துளையிட்டு மாட்டப்பட்டிருக்கின்றன. ஃப்ரீசரின் சுவரிலேயே துளை போட்டுவிடலாமே என்று கேட்டால் வாத்தியார் பதறுகிறார். குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் இருக்கின்றன. ஒரு துளை தப்பினால் ஃப்ரீசர் காலி. மரச்சட்டமோ எத்தனை துளை வேண்டுமானாலும் தாங்கும். மூடியைத் தூக்கினால் முகத்தில் சில்லென்று அறைகிறது. உள்ளே தெர்மோஸ்டாட் 3 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய குட்டி ஃபேன் ஒன்று மூலையில் சுற்றிக்கொண்டே, அடியில் தேங்கும் குளிரை மேலே குழாய்வரை கிளப்பி விடுகிறது.

நான்கு உருளைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 5 காலன், நம் கணக்கில் 19 லிட்டர். ஒரு காலத்தில் கோலா சிரப் சுமந்தவை. சோடாக் கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பை என்று மாறியதும், இந்த எஃகு உருளைகள் குவியல் குவியலாக வீட்டு பியர்க்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. பெப்சி உருளைக்கு ஒரு பூட்டு, கோகோ கோலா உருளைக்கு வேறு பூட்டு. வாத்தியாரிடம் இரண்டும் உண்டு. இணைப்பைத் தப்பாக மாட்டிவிடாமல் இருக்க மனைவி நெயில் பாலிஷால் நிறம் தீட்டி வைத்திருக்கிறார். சிவப்பு அவருடையது, நீலம் பேத்தியுடையது!

இப்போது முக்கியமான காட்சி. வாத்தியார் கைப்பிடிகளைத் திருகி எடுத்து ஒரு ஷூ பெட்டியில் படுக்க வைக்கிறார். ஒன்று பழைய பௌலிங் பின், ஒன்று உடைந்த ஹாக்கி மட்டையின் துண்டு, ஒன்று ஏதோ ஆலை மூடியபோது கிடைத்தது. இந்த நாட்டுக் குழாய்களில் கைப்பிடிக்கான மரை பெரும்பாலும் ஒரே அளவு என்பதால் எது வேண்டுமானாலும் எதிலும் ஏறும். விருந்தாளிகள் ஆசையாகத் தடவிப் பார்ப்பது இவற்றைத்தான். வாத்தியாருக்கு இவற்றின் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. "இதெல்லாம் தொப்பி. தலை உள்ளே இருக்கு" என்கிறார்.

தலையைக் கழற்ற ஒரு விசேஷ ஸ்பேனர், முனையில் சின்னக் கொம்போடு. குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தின் துளையில் அந்தக் கொம்பை நுழைத்துத் திருக வேண்டும். தம்பி வழக்கம்போல் இடப்பக்கம் திருகப் போக, வாத்தியார், மனைவி, கூடமாட உதவ வந்திருக்கும் பக்கத்து வீட்டு மெக்கானிக் மூவரும் ஒரே குரலில் "அந்தப் பக்கம் இல்லை!" இங்கே கழற்றுவது வலப்பக்கம். வளையம் பின்னாலிருக்கும் தண்டின் பக்கத்திலிருந்து வந்து குழாயைக் கவ்வுவதால் முன்னால் நிற்பவருக்குத் திசை தலைகீழ். புதிதாக வருகிற எல்லாரும் இதில் மாட்டுவார்களாம். மெக்கானிக் தானும் மாட்டியதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறார். கார் எஞ்சினையே பிரித்துப் போடுகிறவர்!

கழற்றிய குழாய்கள் நேராகப் போவது கேக் சுடும் மஃபின் தட்டுக்கு. தட்டின் ஒவ்வொரு குழிக்கும் ஒரு குழாய். நெம்புகோல், அதன் கழுத்து வளையம், உள்ளே முன்னும் பின்னும் போகும் தண்டு, கறுப்பு ஓ-ரிங்குகள் எல்லாம் அந்தந்தக் குழியிலேயே கிடக்கும். ஒரு குழாயின் சாமான் இன்னொன்றில் கலக்கக் கூடாது. "சமையலறையில் இந்தத் தட்டைத் தேடித் தேடி நானே வேறு வாங்கிக்கொண்டேன்" என்கிறார் மனைவி, வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தபடி.

எந்தக் குழாயை வாங்குவது என்று கேட்டுவிட்டேன். மூவர் முகத்திலும் பல்பு எரிந்தது. மெக்கானிக் ஓடிப்போய் அலமாரிக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்துவந்தார். உள்ளே ஓய்வுபெற்ற குழாய்கள். முதலில் வருவது சாதாரணப் பழைய ரகம். பித்தளை உடம்பு, மேலே குரோமியப் பூச்சு. அடைப்பு வால்வு குழாயின் பின்பக்கம் இருக்கிறது. கைப்பிடியைச் சாத்தியதும் வால்வு பின்னால் மூடிக்கொள்ளும், முன்பாதி காலியாகிவிடும். அங்கே ஒட்டியிருக்கும் பியர்ப் படலத்தைக் காற்று காய வைக்கும். அடுத்த நாள் கைப்பிடியை இழுத்தால் தேன் பாட்டில் மூடியாக இறுகிக் கிடக்கும். பலம் கொடுத்து இழுத்தால் ‘படக்’ என்று திறந்து சட்டையெல்லாம் பியர்.

ஒட்டிக்கொள்வதாவது பரவாயில்லை. அந்த ஈரமும் காற்றும் சர்க்கரையும் சேர்ந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறுகின்றன. ஒரு வகை பியரைப் புளிக்க வைக்கும், ஒரு வகை வினிகர் ஆக்கும், இன்னொன்று வெண்ணெய் வாசனை கொடுக்கும். பழ ஈக்கள் வேறு குழாயின் மூக்குத் துளைக்குள் முட்டையிட வரும். அதைத் தடுக்க ராத்திரி நேரத்தில் சின்னப் பிரஷ் அடைப்பான்களை மூக்கில் சொருகி வைக்கிறார்கள். சொருகியதை எடுக்க மறந்து ஊற்றிய ராத்திரிக் கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போதெல்லாம் தம்பி கூரையைப் பார்க்கிறார்.

குரோமியத்துக்கு இன்னொரு குறை. பியர் புளிப்புத் தன்மை உள்ள பானம், பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க உட்புறப் பூச்சு கரைந்து, பித்தளை வெளியே வந்து, காசை நாக்கில் வைத்த ருசி ஏறும். வாத்தியார் டின்னிலிருந்து ஒன்றை எடுத்து டார்ச் அடித்துக் காட்டுகிறார். வெளியே கண்ணாடி, உள்ளே மஞ்சள் திட்டு. கடையில் கைக்குப் பளபளவென்று வந்தது இதேதானாம்.

அதனால் இந்த வீட்டில் இப்போது மரச்சட்டத்தில் இருப்பவை முழு எவர்சில்வர், அதாவது 304 ரகம். அடைப்பும் முன்பக்கம். சாத்தியதும் மூக்குக்குச் சற்று முன்னாலேயே வழி அடைபடும், குழாய் வயிறு நிறையக் குளிர்ந்த பியரோடு நிற்கும், காற்று புகாது, கைப்பிடி ஒட்டாது. இந்த முன்னடைப்புக் குழாய்க்குப் பேர்போன பெர்லிக் கம்பெனி 1917-ல் தொடங்கியது இதே மில்வாக்கியில். அதைச் சொல்லும்போது மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்துவதைப் பார்க்க வேண்டும்! ஆனால் ஊர்ப்பாசம் கண்ணை மறைக்கவில்லை. மூன்றாவது குழாய் இன்டர்டேப். அதன் மூக்கைத் தனியாகத் திருகிக் கழற்றலாம், வேறு மூக்கு மாட்டலாம். நான்காவதாக ஆஸ்திரேலியக் கெக்லேண்ட் கம்பெனியின் நூக்காடேப். அதில் உலோகம் குறைவு. வெளியே நிற்கும் உலோகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குறைவாகச் சூட்டைப் பிடித்துவைக்கும். முதல் கிளாஸில் நுரையும் குறையும்.

முன்னடைப்பிலும் ஒரு தொல்லை உண்டு என்கிறார் மனைவி, மறைக்காமல். உயரமான கனத்த கைப்பிடியை மாட்டினால் அது தானே முன்னால் சாய்ந்து சொட்டத் தொடங்கும். பௌலிங் பின் அப்படிச் செய்தது. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்தபிறகு கைவிட்டால் தானாக மூடிக்கொள்கிறது. வாங்கும்போதே ஸ்பிரிங் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அது இன்னும் அவசியம்.

விசேஷக் குழாய்கள் இரண்டு தனி அலமாரியில். ஒன்று ஸ்டவுட் குழாய், நீண்ட மூக்கு. உள்ளே ஐந்து நுண்துளை போட்ட ஒரு தகடு. முக்கால் பங்கு நைட்ரஜன், கால் பங்கு கரியமிலவாயு கலந்து அழுத்தத்தில் தள்ளினால் கறுப்பு பியர் அந்தத் துளைகளில் நசுங்கி வந்து, கிளாஸுக்குள் குமிழிகள் கீழ்நோக்கி வழியும். வழிந்து முடிந்தால் மேலே தடித்த வெண்ணுரை. இந்த நைட்ரஜன் வித்தையை கின்னஸ் 1959-ல் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர். வாத்தியார் வகுப்பெடுக்கும் குரலில் அதைச் சொல்லிவிட்டுத் தகட்டை என் உள்ளங்கையில் வைத்தார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது!

இன்னொன்று செக் நாட்டு பில்ஸென் ஊரின் லூக்கர் குழாய். கைப்பிடி பக்கவாட்டில். உள்ளே பந்து வால்வு, மூக்கில் மெல்லிய சல்லடை. கொஞ்சமாகத் திறந்தால் ஈரமான, இனிப்பான நுரை மட்டும் வரும்; முழுதாகத் திறந்தால் பியர். அந்த ஊரில் ஒரு கிளாஸ் நிறைய நுரையாகவே வாங்கி ஒரே மூச்சில் குடிக்கிறார்கள், ‘ம்லீக்கோ’ என்று பெயர் சொல்லி. மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக இது வந்ததாம். "நகை கேட்டேன்னு நினைச்சீங்களா? இதைத்தான் கேட்டேன்!" என்கிறார். நான் அந்தக் குழாயைத் திருப்பித் தர மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கழுவுவோம். முழங்கை வரை கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. வெந்நீரில் காரப் பொடி கரைகிறது. கழற்றிய சாமான்கள் வாளியில் ஊற, மீன்தொட்டி அளவு குட்டிப் பம்ப் ஒன்று அதே கரைசலை பியர் ட்யூப்களுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறது. கால் மணி நேரம் குறையாமல் ஓட வேண்டும். முதல் நிமிடத்திலேயே தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. வாத்தியாருக்கு அதைப் பார்ப்பதில் அப்படி ஓர் ஆனந்தம். "இது முழுக்க உங்க கிளாஸுக்கு வந்திருக்க வேண்டியது!"

அமெரிக்கச் சிறு ஆலைகளின் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன், பார்களுக்கு வகுத்த விதியும் இதுதான்: 14 நாளுக்கு ஒருமுறை ட்யூப் கழுவு, அப்போதெல்லாம் குழாயை முழுக்கப் பிரித்துக் கையால் தேய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலக் கழுவல். காரம் அழுக்கையும் பிசினையும் பார்த்துக்கொள்ளும். பியர்க் கல் என்று ஒன்று படியும், கால்சியம் ஆக்ஸலேட். அதை அமிலம்தான் கரைக்கும். இரண்டையும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. கடைசிச் சொல்லுக்கு அடியில் பேத்தி ஒரு மண்டையோடு வரைந்திருக்கிறாள்.

பிரஷ்ஷோடு தேய்க்கும் வேலை நமக்கு. மூக்கின் உள்வளைவு, தண்டின் பள்ளம், ஓ-ரிங் உட்காரும் பள்ளம் மூன்றும் முக்கியம். வேர்த்துக் கொட்டுகிறது, பக்கத்தில் டிரையர் வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று மெக்கானிக் கையை உயர்த்துகிறார். "யாரும் அசையாதீங்க. ஒரு ஓ-ரிங்கைக் காணோம்." ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே சிலையானோம். டார்ச் வந்தது. முட்டி போட்டோம். துணி மெஷினுக்கடியில் ஒரு சாக்ஸ், ஒரு லெகோ சிப்பாய், காணாமல்போன மீட்டர் டேப் எல்லாம் கிடைத்தன. ஓ-ரிங் மட்டும் இல்லை. வீட்டு நாய் வந்து எல்லார் முகத்தையும் நக்கியது. கடைசியில் மனைவிதான் கண்டுபிடித்தார்: மெக்கானிக்கின் ஈரக் கையுறையின் முழங்கைப் பக்கம் அப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஓ-ரிங்குக்கு உணவுத் தரக் கிரீஸ் பொட்டளவு. அதிகம் போட்டால் நுரை கெடும். கிருமிநாசினியில் முக்கியெடுத்து மாட்டும்போது சோப்பு நுரையாகப் பொங்குகிறது. அதைக் கழுவ வேண்டியதில்லை, அப்படியே மாட்டலாம். பிறகு கரியமிலவாயு சிலிண்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து, டிரையரையும் நிறுத்திவிட்டு எல்லாரும் காதைக் கூர்மையாக்கி நிற்கிறோம். எங்காவது குமிழி ஊதினால் ஒரே ராத்திரியில் சிலிண்டர் தீர்ந்துவிடும். மூடிய பேஸ்மென்ட்டில் கரியமிலவாயு கசிவது உயிருக்கே ஆபத்து என்பதால் சுவரில் எச்சரிக்கைக் கருவியும் உண்டு. குமிழி இல்லை. சத்தம் இல்லை. மெக்கானிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

முதல் ஊற்று! அழுத்தம் 12 பி.எஸ்.ஐ., ட்யூப் 10 அடி நீளம், உள்விட்டம் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. குழாய்வரை இரண்டடிதானே, இவ்வளவு நீளம் எதற்குச் சுருட்டி வைக்க வேண்டும்? அந்த நீளம்தான் பியரின் வேகத்தை உரசி உரசிக் குறைக்கிறது. ட்யூபை வெட்டிக் குட்டையாக்கினால் வெறும் நுரைதான் பீய்ச்சும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, கைப்பிடியை ஒரே இழுப்பில் முழுக்கத் திறக்க வேண்டும். பாதி திறப்பது நல்ல குழாயையும் கெடுக்கும் பழக்கம். மூக்கு பியரைத் தொடவே கூடாது. இப்போதுதான் கழுவி மாட்டிய வெதுவெதுப்பான குழாய் என்பதால் முதல் கிளாஸ் பாதிக்குமேல் நுரை. அது வாளிக்குப் போனது. இரண்டாவது கிளாஸ் பொன்னிறமாக, மேலே இரண்டு விரல் நுரையோடு நின்றது. யாரும் உடனே குடிக்கவில்லை. வாத்தியார் முதலில் முகர்ந்தார். வெண்ணெய் இல்லை, வினிகர் இல்லை. பிறகுதான் கிளாஸ் சுற்றி வந்தது.

மேலே அழைப்புமணி அடிக்கிறது. வாளிகள் ஒளிகின்றன, பிஸ்கட் டின் அலமாரிக்கடிக்குப் போகிறது, மஃபின் தட்டு துணி மெஷினுக்குள்! பௌலிங் பின் தன் இடத்தில் ஏறி நிற்கிறது.

வீட்டில் குழாய் வைக்கும் யோகம் உள்ளவர்களுக்கு என் தீர்ப்பு இது: முன்னடைப்பு, முழு எவர்சில்வர். இரண்டு நல்ல குழாய் வாங்கக் காசு போதாவிட்டால் ஒன்று வாங்குங்கள். கைப்பிடிக்கு முன்னால் ஸ்பேனரும் பிரஷ்ஷும் உதிரி ஓ-ரிங் பொட்டலமும் வாங்குங்கள். பாரில் குடிக்கிறவர்கள், ஆர்டர் சொல்லும் முன் ஒரு நிமிடம் குனிந்து குழாயின் மூக்கைப் பாருங்கள். பிசினோ கறுப்பு வளையமோ தெரிந்தால் பாட்டில் பியர் கேளுங்கள்.